சாமிகளோடு நிற்கும் துரை

ஈப்போ பழைய நகரத்தில், மாநிலப் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச்சின் நினைவாக 1909-இல் எழுப்பியது. 1875-இல் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். அதற்காகத் தூக்குமேடை ஏறியவர் டத்தோ மகாராஜா லேலா. இன்று மணிக்கூண்டை ஒட்டி ஓடும் சாலைக்கு அவர் பெயர்தான். செத்தவருக்குக் கோபுரம், எதிர்த்தவருக்குச் சாலை. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு நாடு தன் பழைய சண்டையை இப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பட்டது.

அண்ணாந்து பார்த்தால் கூண்டைச் சுற்றி 44 உருவங்கள். மோசே, புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று மனித நாகரிகம் வளர்ந்த கதையாம். ஓவியக் கூடங்களில் 'மாற்றம்', 'சேர்ந்து வாழ்தல்' என்று தலைப்பு வைத்துக் கூட்டுக் கண்காட்சிகள் நடத்துகிறார்களே, இது அந்த வகையில் ஈப்போவின் மூத்த கண்காட்சி. ஆனால் அந்த 1909-இல் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசிக்கொண்டிருந்த சீனர்களையும், ரப்பர் தோட்டத்துக்குக் காடு திருத்திக்கொண்டிருந்த நம் ஆட்களையும் நாகரிகத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நூறாண்டு கழித்து வேறு கை வந்தது. பினாங்குச் சுவர்களால் பெயர் பெற்ற லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச், 2014-இல் ஓல்டு டவுன் ஒயிட் காப்பி நிறுவனத்துக்காக ஈப்போவில் வரைந்தார். காப்பிக் கோப்பையோடு ஒரு பெரியவர், காகித விமானத்தில் பிள்ளைகள், பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி ஓ, ஈயச் சுரங்கத் தொழிலின் கதை. பக்கத்தில் ஜாலான் மஸ்ஜிட் பகுதியில் உள்ளூர் ஓவியர் எரிக் லாய் முன்னின்று உருவாக்கிய சந்து ஒன்றும் இருக்கிறது. அங்கே பல இனத்தாரின் வாழ்க்கையும் சுவரேறியிருக்கிறது. சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டுப் போனால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். நானும் நின்றேன். அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் இம்மாதிரிச் சுவர்களில் நம்மவர்கள் பெரும்பாலும் பண்டிகை உடையில்தான் வருகிறார்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு உளியும் வாளியுமாக நின்றவர்களை நான் தேடித்தான் பார்த்தேன்.

ரப்பர் இந்த மாநிலத்துக்கு அந்நியமல்ல. மகாராஜா லேலாவைத் தூக்கிலிட்ட அதே 1877-இல்தான் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதன் பின்னால் வந்த கப்பல்களில் நம் பாட்டன்மார் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது லயங்களும் கூடவே போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். தொழிலாளிகளின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிப்போட்டார். வாங்கமுடியாமல் போனவையும் நிறைய. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது.

வானொலியில் எனக்கு இது தினமும் காதில் விழும். பாட்டுக் கேட்டு அழைக்கும் நேயர்களிடம் "எங்கேயிருந்து பேசுறீங்க?" என்றால், தாமான் பெயரைச் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடி எங்க தோட்டம்" என்று இன்னொரு பெயரையும் சொல்வார்கள். அதுவும் ஆங்கிலப் பெயராக இருக்காது. கம்பெனி ஒரு பெயர் வைத்திருக்கும், நம்மவர்கள் தமிழில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்த இரண்டாவது பெயர் எந்தச் சாலைப் பலகையிலும் கிடையாது.

ஆகவே ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் வண்டியை விட்டேன். கெல்லீஸ் காசலைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் ஏறத்தாழ 1,000 ஏக்கர் வாங்கி, கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டு ரப்பர் போட்டார். 1915-இல் மாளிகை வேலை தொடங்கியது. கட்ட ஆட்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டுக் கட்டினார்கள். 1926-இல் துரை லிஸ்பனில் காலமானார், மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது. சுற்றுலாக் கூட்டம் அந்த அரைகுறையைப் பார்த்து, ஆவிக் கதை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயில். 1918 வாக்கில் உலகைச் சுற்றிய விஷக்காய்ச்சல் இங்கேயும் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளிகள் கேட்டார்களாம், துரை கட்டிக்கொடுத்தாராம். அந்த நன்றிக்கு அவர்கள் செய்ததுதான் விசேஷம். கோயிலின் மேலே, சுதைச் சாமிகளின் வரிசையில், வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார்.

நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கூண்டில் ஆண்டவர்கள் தங்களுக்குப் பிடித்த உலகத்தைச் செதுக்கிவைத்தார்கள். நகரத்துச் சுவர்களில் ஓவியர்கள் நம்மை வரைகிறார்கள். இங்கே மட்டும்தான் கூலிக்காரன் முதலாளியைச் செய்திருக்கிறான், எங்கே நிறுத்துவது, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதையும் அவனே முடிவு செய்திருக்கிறான். சாமியை விடச் சின்னதாக, ஆனால் சாமிக்குப் பக்கத்தில். இதை அடிமைப் புத்தி என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டது கிடைத்தது, கணக்கு முடிந்தது என்று ஊரறியப் போட்ட ரசீது மாதிரிதான் தெரிகிறது. காய்ச்சலில் போனவர்களுக்குத்தான் உருவம் இல்லை.

வெளிப் பிராகாரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். "துரைக்கும் பூசை உண்டா தாத்தா?" என்று கேட்டேன்.

"ஆத்தாவுக்குக் காட்டுற சூடம் அவரு மேலயும் படுதில்ல? அது போதும்மா" என்றார்.

பிறகு மேலே ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "துரையை வச்சவங்க கிராணியை வைக்கல பாத்தியா!"