எழுதாத பரீட்சையின் மார்க்

2020-இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் ரத்தானதும் பள்ளிகளிடம் இரண்டு விஷயம் கேட்டார்கள். இந்த மாணவன் எழுதியிருந்தால் என்ன கிரேடு வாங்கியிருப்பான்? அதே கிரேடுக்காரர்களில் அவன் எத்தனையாவது? ஆசிரியர்கள் அனுப்பியதைப் பள்ளியின் பழைய ரிசல்ட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள்.

டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். ஆயிரம் பேருக்கு இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். ஏற்காட்டு மலைமேல், வகுப்புக்குப் பதினைந்து பேர் இருக்கிற போர்டிங் ஸ்கூலில்? சீனியர்கள் என்றோ கெமிஸ்ட்ரியில் சொதப்பியிருந்தால் அது இந்த வருஷப் பையன் தலையில் விடியும். அக்கா மகன் அப்படியொரு பள்ளியில்தான் ஐஜிசிஎஸ்இ படித்தான். மார்ச்சிலேயே சேலத்துக்கு இறங்கிவிட்டான். ஆகஸ்ட்டில் எதிர்பார்த்த கிரேடுகளே வந்தன. அக்கா கேசரி கிண்டினாள். அவன் போனை நீட்டி, "மாமா, இதுல நான் வாங்குனது எது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இங்கிலாந்தில் இதேபோன்ற கணக்கு, ஏ லெவலில் ஆசிரியர்கள் போட்ட கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கீழே இறக்கியது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது. பள்ளி சொன்ன கிரேடுக்குக் கீழே போகமாட்டோம் என்று கேம்பிரிட்ஜும் சொன்னது.

நம்ம ஊர் பத்தாம் வகுப்பில் எல்லோரும் பாஸ். காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20. முரட்டுக் கணக்குதான். அரையாண்டைக் காய்ச்சலோடு எழுதியவளுக்கு அடிதான். ஆனாலும் அந்த விடைத்தாளில் இருந்தது அவள் கையெழுத்து.