மூன்று புள்ளிகள்

வானம் பார்த்த பூமியாகிய கமுதியில் பிறந்த எங்களுக்கு மழையைக் குறை சொல்ல நா எழாது. கோலாலம்பூரில் அன்று காலை முதல் கொட்டிய மழை, பிள்ளைகள் ஆசையோடு காத்திருந்த பறவைப் பூங்காவை இல்லாமல் ஆக்கியபோதும், மழைக்கான துஆவை ஓதிவிட்டு, தேசியப் பள்ளிவாசலில் ளுஹர் தொழச் சென்றோம். 1965இல் திறக்கப்பட்ட அப்பள்ளியின் நீலக் கூரையே விரித்த குடையைப் போன்றதுதான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 1998இல் திறக்கப்பட்டது. அஸர் வரை அங்கேயே இருந்தோம்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாளும் நகையும் நிறையவே இருந்தன. அவற்றின் முன் நாங்கள் அதிகம் நிற்கவில்லை. எங்களை நிறுத்தியது எழுத்து. சீனக் கூடத்துக் குர்ஆன் பிரதிகளில் அலிஃபும் லாமும் தூரிகையின் போக்கில் தடித்தும் மெலிந்தும் ஓடுகின்றன. மலாய்ப் பிரதிகளின் ஓரங்களில் சிவப்பும் பொன்னுமாகக் கொடிகள் படர்ந்திருக்கின்றன. ஓதும் வேதம் ஒன்றே. அதை எழுதிய கை ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டுக் கையாகவே இருந்திருக்கிறது.

பிறகு ஜாவி ஏடுகளுக்கு வந்தோம். மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு ஜாவி என்று பெயர். அரபியில் இல்லாத 'ங' ஒலிக்காக 'ஐன்' எழுத்தின் மேல் மூன்று புள்ளிகள் இட்டிருந்தார்கள். மூத்த மகள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தா, நம்ம வீட்டுக் கித்தாபுல இந்த மூணு புள்ளியும் கீழே இருக்குமே."

உண்மைதான். அரபுத்தமிழில் அதே 'ஐன்', அதே மூன்று புள்ளிகள், ஆனால் அடியில். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யானை' எழுதியது இவ்வெழுத்தில்தான். தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றின் சட்டங்களை நம் பெண்கள் வீட்டிலிருந்தே கற்றதும் இதன் வழியாகத்தான்.

எங்கள் பாட்டியார் அந்நூலைத் தடங்கலின்றி வாசிப்பார். ஆனால் அரசு அலுவலகங்களில் அவருக்குக் கைநாட்டுத்தான். தமிழ் எழுத்து தெரியாததால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே பதிந்தார்கள். கடல் கடந்து, ஒரு நாடு தன் பழைய எழுத்தை விளக்கொளியில் வைத்துக் காப்பதைக் கண்டபோது, எங்கள் பரணில் கரையானுக்கு அஞ்சி வேப்பிலை இட்டு வைத்திருக்கும் அந்தக் கித்தாபு மனத்தை உறுத்தியது. மலேசியாவில் ஜாவி இன்றும் பெயர்ப் பலகைகளில் வாழ்கிறது. நம்முடையதை ஓதுவோர் எத்தனை பேர்? பல வீடுகளில் 'யாருக்கும் புரியவில்லை' என்று கபர்ஸ்தானில் புதைத்துவிடுகிறார்கள். அடக்கத்தோடு செய்வதுதான், ஆனாலும் புதைக்கும் முன் ஒரு முறை ஊர் ஆலிமிடம் காட்டுங்கள், கைபேசியிலாவது படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் தெருவில் அதைச் சரளமாக ஓதுபவர் இப்போது ஒரே ஒரு மூதாட்டி. எண்பதைக் கடந்தவர். அஸருக்குப் பின் மகள்கள் இருவரும் அவரிடம் செல்கிறார்கள். மதரஸா மாணவியர் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். உளூவின் பாடம் முடிந்து, தயம்மும் தொடங்கியிருக்கிறது.