வகுப்பு ஏறினான்; வாசிக்கக் கற்றானா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக எனது முதல் கல்வியாண்டு 2025 டிசம்பரில் நிறைவுற்றது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் எனக்குக் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணி. முதலாம் ஆண்டு வகுப்பு. மாணவர் இருபத்தொன்பது பேர். காலையும் மாலையும் கொமுட்டர் இரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ஒரு சிறு குறிப்பேட்டில் மாணவர்களைப் பற்றி எழுதிவைப்பது வழக்கமாயிற்று. அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது எழுந்த சிந்தனைகளையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் ஆண்டைப் பற்றி எழுதுவதற்குச் செய்திகள் பல உண்டு. விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், தீபாவளிக் கொண்டாட்டம், பரிசளிப்பு விழா என வரிசையாகச் சொல்லலாம். ஆனால், ஆண்டின் கடைசி இரண்டு வாரங்களில் என்னை விடாமல் பற்றிக்கொண்ட கேள்வி ஒன்றுதான். நம் நாட்டில் தொடக்கப்பள்ளி மாணவர் எல்லாரும் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு ஏறிவிடுகின்றனர். எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அவ்வாறாயின், ஒரு பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொண்டதா இல்லையா என்பதை யார் யாரிடம் சொல்வது?

ஏழு வயதில் மூன்று மொழி

முதலாம் ஆண்டு மாணவன் சுமக்கும் சுமையை வகுப்பினுள் நின்று பார்த்தால்தான் உணர முடியும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். இவற்றோடு மலாய்மொழியும் ஆங்கிலமும் அதே ஆண்டில் தொடங்குகின்றன. இரண்டுக்கும் எழுத்து வடிவம் ஒன்று, ஒலி வேறு. 'சி' என்று நாம் சொல்லும் அந்த மூன்றாம் எழுத்து மலாயில் சகர ஒலி தரும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ககரமாகவும் இன்னொரு சொல்லில் ஸகரமாகவும் ஒலிக்கும். காலை எட்டு மணிக்கு ஒன்றாக ஒலித்த எழுத்து ஒன்பது மணிக்கு வேறாக ஒலித்தால் பிள்ளை என்ன செய்யும்?

தமிழுக்குள்ளேயும் ஒரு தாண்டல் இருக்கின்றது. வீட்டில் 'போறேன்' என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் 'போகிறேன்' என்று வாசிக்க வேண்டும். 'வாளப்பளம்' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'வாழைப்பழம்' புதிய சொல்லாகவே தெரிகின்றது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளும் என் வகுப்பில் ஐவர் இருந்தனர். அவர்களுக்கு எழுத்தும் புதிது, சொல்லும் புதிது.

இது என் வகுப்புக்கு மட்டும் உரிய நிலை அன்று. 2024/2025 கல்வியாண்டில் நாடு முழுவதும் முதலாம் ஆண்டு மாணவரிடையே நடத்தப்பட்ட சோதனையில், ஏறத்தாழ 122,000 பேர் எழுத்தறிவு, எண்ணறிவுத் திறன்களை உரிய அளவு எட்டவில்லை எனக் கல்வி அமைச்சு தெரிவித்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் சிறப்புக் கற்பித்தலுக்குப் பின் அதே ஆண்டில் தேறினர் என்பது ஆறுதலான செய்தி.

பாட்டாகத் தெரிந்த எழுத்து

என் வகுப்பில் ஒரு மாணவன். அவனை 'அவன்' என்றே குறிப்பிடுகிறேன். பிப்ரவரியில் வகுப்புக்கு வந்தபோது உயிரெழுத்துப் பன்னிரண்டையும் இராகத்தோடு பாடினான். கேட்பவர் எவரும் 'பிள்ளைக்கு எழுத்துத் தெரியும்' என்றே முடிவு செய்வர். 'உ' எழுதிய அட்டையைத் தனியே எடுத்துக் காட்டினேன். அவன் உடனே சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. 'அ'விலிருந்து பாடிக்கொண்டே வந்து ஐந்தாவதாக நின்று 'உ' என்றான். அட்டைகளைக் கலைத்து அடுக்கியபின் அந்த வழியும் அடைபட்டது.

அவனுக்குத் தெரிந்தது பாட்டு. எழுத்து அந்தப் பாட்டுக்குள் மறைந்திருந்தது. அதை வெளியே எடுக்க மூன்று மாதங்கள் ஆயின. ஒரு நாளைக்கு நான்கு அட்டைகளுக்கு மேல் காட்டுவதில்லை. நேற்றுக் காட்டியவற்றுள் இரண்டு இன்றும் வரும். மணலில் எழுதினோம், சுண்ணக்கட்டியால் தரையில் எழுதினோம். மே மாதத்தில் 'படம்', 'மரம்' என்னும் சொற்களைத் தானாக வாசித்தான். ஆகஸ்டில் 'பாடம்', 'கிளி', 'மீன்' வந்தன.

அதன்பின் தடை வந்தது. உகர வரிசையில் 'கு', 'சு', 'மு', 'து' ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவம் கொள்கின்றது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கின்றன. கண் முதலில் காண்பது கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யின் ஒலி. இடமிருந்து வலமாக வாசிக்கும்படி அதுவரை பழக்கிய நாமே, இங்கு மட்டும் முன்னால் இருப்பதைப் பின்னால் ஒலிக்கச் சொல்கிறோம். பெரியவர்களாகிய நமக்கு இது தோன்றுவதே இல்லை. டிசம்பர் வந்தபோது அவன் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

ஓர் எண் சொல்லாதவை

முன்பு பருவத் தேர்வுகள் இருந்தன. முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டன. ஆறாம் ஆண்டில் 1988 முதல் நடத்தப்பட்டு வந்த யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகளைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தும் பழக்கம் குறைந்ததை நான் வரவேற்கிறேன். இன்று வகுப்புசார் மதிப்பீட்டின் வழி ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை அடைவுநிலை பதிவு செய்யப்படுகின்றது. மூன்றாம் நிலையே குறைந்த அளவு தேர்ச்சி எனக் கொள்ளப்படுகின்றது.

அவனுக்கு நான் பதிவு செய்த நிலை 2. அது சரியான பதிவுதான். ஆனால், அதே வகுப்பில் இன்னொரு மாணவிக்கும் 2 பதிவு செய்தேன். அவள் எல்லா எழுத்துகளையும் அறிவாள். வாய்விட்டு நன்றாக வாசிப்பாள். வாசித்ததன் பொருள் மட்டும் அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. இருவருக்கும் எண் ஒன்றுதான். இருவருக்கும் வேண்டிய உதவியோ முற்றிலும் வேறு. அவனுக்குக் கொம்பெழுத்து வேண்டும். அவளுக்குக் கதையும் பேச்சும் வேண்டும். அடுத்த ஆண்டு ஆசிரியர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால், இதைக் கண்டறியவே அவருக்கு இரண்டு மாதங்கள் கழிந்துவிடும்.

நாடெங்கும் ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். அங்கு ஆசிரியர் அனைவருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். கிள்ளானிலோ சிம்பாங் லீமா போன்ற நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. பெரிய பள்ளியில் பிள்ளை ஆண்டுதோறும் புதிய கைகளுக்கு மாறுகின்றது. கைமாறும்போது சொல்லாமல் விட்ட செய்தி, பிள்ளையின் முதுகில் சுமையாக ஏறிக்கொள்கின்றது.

பாட்டியின் கேள்வி

கடைசி வாரத்தில் பெற்றோரைச் சந்திக்கும் நாள். அவனுடைய பாட்டி வந்திருந்தார். தாயார் தொழிற்சாலையில் மாறுநேர வேலை செய்பவர். பேரனை வளர்ப்பவர் பாட்டிதான். அறிக்கையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

"டீச்சர், பையன் ரெண்டாம் வகுப்புக்கு ஏறிட்டான்ல? அப்படின்னா வாசிக்க வந்திடுச்சுன்னு தானே அர்த்தம்?"

'ஆமாம் பாட்டி' என்று சொல்லிவிட்டால் இருவருக்கும் அன்றைய பொழுது இனிதே முடிந்திருக்கும். அவர் முகத்தில் அத்துணை எதிர்பார்ப்பு. நான் அவனை அருகில் அழைத்து அட்டைகளை மேசைமேல் பரப்பினேன்.

"பாட்டி, நீங்களே பாருங்க. படம், பாடம், கிளி, மீன் எல்லாம் அவனாவே வாசிக்கிறான். வருஷ ஆரம்பத்துல இது ஒண்ணுமே தெரியாது. ஆனா யானை, கேணி, பொம்மை வந்தா நின்னுடுறான். இதுதான் பாக்கி."

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு 'யானை' அட்டையைக் கையில் எடுத்து, "இதை நாங்க வேற மாதிரி எழுதுவோமே" என்றார். என் பேனாவை வாங்கித் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். யானையின் தும்பிக்கைபோல் மேலே வளைந்த பழைய 'னை'! அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து, பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏற்கப்படுவதற்கு முன் பள்ளி சென்ற தலைமுறை அது. இன்றும் நாள்தோறும் தமிழ் நாளிதழ் வாசிக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்தத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றை நாம் அறிவோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நாடு விடுதலை பெற்ற 1957இல் தமிழ்ப்பள்ளிகள் 888 இருந்தன. வசதியற்ற கட்டடங்கள், ஓர் ஆசிரியரே பல வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நிலை எனக் குறைகள் மிகுந்திருந்த பள்ளிகள் அவை. பாட்டி படித்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. ஆயினும் அங்குக் கற்ற வாசிப்பு, ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அவரிடம் இருக்கின்றது. தமக்கு எழுத்துத் தெரியும். பேரனுக்குத் தாமே சொல்லித்தரலாம் என்று எவரும் அவரிடம் அதுவரை கூறியதில்லை.

"விடுமுறையில நாளைக்குப் பத்து நிமிஷம் போதும் பாட்டி. பேப்பர் தலைப்புல 'ஐ' வரிசை எழுத்தை மட்டும் தேடச் சொல்லுங்க" என்றேன். அட்டைகளையும் கொடுத்தனுப்பினேன். பழைய 'னை'யைப் பார்த்து அவன் குழம்பாமல் இருக்க, இரண்டு வடிவங்களையும் அருகருகே எழுதி ஒட்டிக்கொடுத்தேன்.

கைமாற்றுக் குறிப்பு

அன்று மாலை இரயிலில் ஒரு வேலையைத் தொடங்கினேன். பதிவேட்டில் உள்ள எண்களைத் தவிர, இருபத்தொன்பது பேருக்கும் ஆளுக்கு நான்கு வரியில் ஒரு குறிப்பு. இதைச் செய்யும்படி யாரும் பணிக்கவில்லை. பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர் தம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இவ்வாறு எழுதுவதைப் பார்த்திருந்தேன். அவரிடமே முறையைக் கேட்டறிந்தேன்.

1. தானாகச் செய்யக்கூடியது: எந்த எழுத்து வரிசை வரை உதவியின்றி வாசிக்கிறான்?

2. நின்றுபோகும் இடம்: எடுத்துக்காட்டாக இரண்டு சொற்கள்.

3. பலன் தந்த வழி: அட்டையா, பாட்டா, மணலா, கதையா? பலன் தராத வழியையும் குறிப்பிட வேண்டும்.

4. வீட்டில் யார் உதவ முடியும்?

'சோம்பல்', 'கவனமின்மை', 'பின்தங்கியவன்' போன்ற சொற்களுக்கு இக்குறிப்பில் இடமில்லை. அவை பிள்ளைக்குப் பெயர் சூட்டுகின்றன, வழி காட்டுவதில்லை. அவனைப் பற்றிய நான்காம் வரியில் 'பாட்டி தமிழ் வாசிப்பார்' என்று எழுதினேன். அந்த ஆண்டில் நான் எழுதிய வரிகளுள் மிகப் பயனுள்ளது அதுவே என எண்ணுகிறேன்.

2026 ஜனவரியில் புதிய கல்வியாண்டு தொடங்கியதும் குறிப்புகளை இரண்டாம் ஆண்டு ஆசிரியரிடம் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே அவனைக் குறைநீக்கல் வகுப்பில் சேர்த்து, ஐகார வரிசையிலிருந்து தொடங்கினார். 'யானை'யும் 'பூனை'யும் அவனுக்கு வந்துவிட்டன. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே இன்னும் தடுமாறுகிறான். இரண்டு மாதத் தேடல் மிச்சமானது, அவ்வளவுதான். ஏழு எட்டு வயதில் இரண்டு மாதம் என்பது சிறிய காலமன்று.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டிறுதியில் அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும்போது எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 'என் பிள்ளை தானாக வாசிக்கக்கூடிய சொல் எது? எந்தச் சொல்லில் நிற்கிறது? விடுமுறையில் நான் என்ன செய்யலாம்?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விகள் எங்களுக்கு இடையூறு அல்ல. நாங்கள் சொல்லக் காத்திருப்பவை இவைதாம். வீட்டில் தாத்தா பாட்டி தமிழ் வாசிப்பவராயின் அதையும் ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

என்னைப் போன்ற புதிய ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஆண்டின் கடைசி வாரம் அலங்காரங்களைக் கழற்றுவதற்கும் கோப்புகளை அடுக்குவதற்கும் மட்டும் உரியதன்று. ஒரு பிள்ளைக்கு நான்கு வரி என்றால் முப்பது பேருக்கு ஓர் இரவு போதும். அந்த நான்கு வரிகள் உங்களுக்குத் தெரியாவிட்டால், அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து அட்டைகளைப் பரப்ப இன்னும் சில நாள்கள் எஞ்சியிருக்கின்றன.

இந்த ஆண்டும் எனக்கு முதலாம் ஆண்டு வகுப்பே கிடைத்துள்ளது. மாணவர் முப்பத்தொருவர். அட்டைகளைக் கலைத்துக் காட்டும் வேலை தொடங்கிவிட்டது.