சிட்டிகையில் எவ்வளவு இரும்பு?

மலேசியாவில் ரந்தாவ், லாபு, லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் லயத்து அடுப்பங்கரைக்கு ஓமம் புதிதல்ல. வயிறு உப்பினால் வெறும் சட்டியில் ஓமத்தைப் போட்டு, படபடவென்று வெடிக்கும்வரை வறுப்பார்கள். உள்ளங்கையில் கசக்கி, கொதிநீரில் போட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டினால் மஞ்சள் நிறத்தில் ஓமத்தண்ணீர் இறங்கும். மூக்கில் ஏறும் அந்த நெடி தைமாலுடையது. வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் அது உண்டு.

இப்போது சிரம்பான் கடைகளில் ஓமத்தின் உறவுக்காரி ஒருத்தியும் கிடைக்கிறாள்: செலரி விதை. சீரகம், சோம்பு, கொத்தமல்லி எல்லாம் ஒரே குடும்பம். செலரி விதை ஓமத்தைவிடப் பொடிசு, பழுப்பு நிறம், கடித்தால் கசப்பு. பஞ்சாபில் அமிர்தசரஸ் வட்டாரத்தில் விளைந்து உலகம் முழுக்கப் போகிறது. சத்துப் பட்டியலைப் பார்த்தால் கண் விரியும்: 100 கிராமில் கால்சியம் சுமார் 1,767 மில்லிகிராம், இரும்பு சுமார் 45 மில்லிகிராம்.

ஆனால் யார் 100 கிராம் தின்கிறார்கள்? ஒரு தேக்கரண்டி 2 கிராம்தான். அதில் கால்சியம் 35 மில்லிகிராம். இரும்பு ஒரு மில்லிகிராம்கூட முழுதாக இல்லை. மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமாவது இரும்பு வேண்டும். கசப்புக்கு அஞ்சி நாம் போடுவதோ கால் தேக்கரண்டி.

இரும்புக் கணக்கை நான் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று பால்மரம் சீவிய தலைமுறையின் ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்தது. 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையிலான ராக்ஃபெல்லர் அறநிறுவனக் குழு மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் அந்தப் புழுவை ஆராய்ந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடிய பெண்களின் வெளுத்த கண்ணிமைகளுக்குப் பின்னால் இருந்தது சோம்பல் அல்ல, சோகை. அதை ஒரு சிட்டிகை விதை தீர்த்திருக்காது. இன்று போத்தலில் அடைத்து விற்கும் செலரி விதை மாத்திரையும் தீர்க்காது. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. தோட்டம் போட விற்கும் விதைப் பொட்டலத்தையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். பூஞ்சை மருந்து தடவியிருக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் செலரி விதை எனக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்குப் பிரட்டலிலும் மீன் சூப்பிலும் கொஞ்சம் போட்டால் உப்பைக் குறைத்தாலும் ருசி குறையாது. ரத்த அழுத்தம் உள்ள வீட்டுக்கு அந்த ஒரு லாபமே போதும்.

இரும்புக்கு வேறு வழி பாருங்கள். முருங்கைக்கீரையும் பருப்பும் சமைத்த அன்று எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கீரையின் இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். தேயிலை அந்த இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தலைச்சுற்றலும் மூச்சிரைப்பும் இருந்தால் கிளினிக்கில் ரத்தம் பாருங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்களை அழைத்துப் போங்கள்.