சாரல் அடிச்சா கதவு வெளுக்கும்!

ஜூன் மாசம் பொறந்தா குற்றாலத்துல சாரல் சீஸன். அருவிக் குளியல், ஈரக் காத்து, சூடா பஜ்ஜினு எல்லாருக்கும் குஷி மூடு! ஆனா, அங்கேருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல, தென்காசியைத் தாண்டி மதுரை ரோட்ல இருக்கிற கடையநல்லூர்ல ஒரு குரூப் மட்டும் மேற்கே மலையைப் பார்த்து 'உச்' கொட்டுது. அவங்க... மர பாலிஷ் போடறவங்க!

வெளிநாட்டுச் சம்பளத்துல எழும்பின வீடுகள் இந்த ஊர்ல ஏராளம். வாசலுக்குத் தேக்குக் கதவுன்னா தனி கெத்து. லீவுல வர்ற வீட்டுக்காரர், திரும்ப ஃப்ளைட் ஏறுறதுக்குள்ளே பால் காய்ச்சிடணும்பார். அதுக்குள்ளே கதவு பளபளக்கணுமே... சாரல் விட்டாத்தானே?

ஸ்பிரிட்ல அரக்கைக் கரைச்சு, பஞ்சைப் பொதிஞ்ச துணியால தேய்க்கிறதுதான் பழைய ஸ்டைல் பாலிஷ். ஸ்பிரிட் ஆவியாகிறப்போ மரத்தோட சூட்டையும் எடுத்துட்டுப் போயிடும். மேல்பரப்பு ஜில்லுனு ஆக, காத்துல இருக்கிற ஈரம் அதுமேல படியும். விளைவு? கண்ணாடி மாதிரி மின்னவேண்டிய கதவு, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துடும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல நாம மண்டையை உடைச்சுக்கிற மேட்டர், இங்கே லைவ் டெமோ!

"ரெண்டு மணி நேரம் வெயில் காட்டுனாப் போதும் தம்பி, ஒரு கோட்டு இழுத்துருவேன். வெளுத்ததைக்கூட, காத்து காஞ்சதும் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா சரி பண்ணிரலாம். ஆனா, சும்மா உக்காந்திருக்க நாளுக்கு யார் கூலி தருவா?" என்கிறார் ஒரு பாலிஷ் அண்ணாச்சி.

ஆளிவிதை எண்ணெயோட கதை வேற. அந்தக் கால .303 துப்பாக்கியோட மரக்கட்டைக்குப் பூசினது இதைத்தான். இது ஆவியாகிக் காயாது. காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை இழுத்து இறுகும். குளிர்ல அந்த வேலை ஆமை வேகம்தான். அவசரப்பட்டு தடிமனாப் பூசினா மேலே ஏடு கட்டும், உள்ளே பிசுபிசுக்கும். மெல்லிசா பூசி, மிச்சத்தைத் துடைச்சு, காத்தோட்டமா விடணும். ஒரு டேஞ்சர்... துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா, தானாவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரிச்சுக் காயப்போடறதுதான் சேஃப்டி!

சீக்கிரம் காயட்டும்னு ஸ்பிரிட் பாலிஷ் பக்கத்துல அடுப்பு மூட்டற ஐடியாவும் வேண்டவே வேண்டாம். அது ஆளையே காலி பண்ணிடும்.

ஸோ, சீஸன்ல வீடு கட்டி முடிக்கிற மக்களே... லீவு பிளான்ல பாலிஷுக்குன்னு நாலஞ்சு நாள் எக்ஸ்ட்ரா ஒதுக்குங்க. மழைக்குக் காத்திருக்கிற நாளுக்கும் அண்ணாச்சிக்கு ஏதாவது பார்த்துக் கொடுங்க. சாரல் உங்களுக்கு ஜாலி... அவருக்கு அது சம்பளமில்லாத லீவு!