அகிஹபாராவில் ஒரு பி.காம்.

டோக்கியோ போகிறேன் என்றதும் அக்கா கேட்டது ஒரு கத்தி. காய்கறி நறுக்க. ஜப்பான் கத்தி தக்காளியைத் தொட்டாலே தோல் கழன்றுவிடும் என்று எங்கோ பார்த்திருக்கிறாள். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினான்.

'மாமா, டி.வி. வேண்டாம். ஓ.வி.ஏ. என்றால் முதல் சாய்ஸ். ஓ.ஏ.டி. கிடைத்தால் லக். ஓ.என்.ஏ. டிஸ்க்கில் வந்திருந்தால் மட்டும். எல்.டி. கவருக்காக. பி.டி. என்றால் ரீஜன் பார்க்கவும். என்.சி.ஓ.பி. இருந்தால் டபுள் சந்தோஷம்.'

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி., பி.எஃப்., எல்.டி.சி. முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போனதால் எல்.டி. என்பது ஏதோ லீவு சமாசாரம் என்றே நினைத்துக்கொண்டேன். மற்றவை எல்லாம் கார்ட்டூன் சம்பந்தப்பட்டவை என்பது மட்டும் புரிந்தது. 'கார்ட்டூன் இல்ல மாமா, அனிமே' என்று திருத்தினான்.

மறுநாள் காலை அத்தான் போன்.

"மாப்ளே, அந்தப் பொம்மைப் படக் கடையெல்லாம் நல்லா சுத்திப் பாரு. பார்த்துட்டு வந்து, 'இதெல்லாம் சோறு போடாதுடா'ன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் சொன்னா ஏற மாட்டேங்குது."

விஷயம் இதுதான். மருமகன் பி.காம். இரண்டாம் வருஷம். அதை விட்டுவிட்டு அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்கிறான். அப்பாவும் பிள்ளையும் நேரடியாகப் பேசி இரண்டு மாசம் ஆகிறது. 'சாப்பிட வரச் சொல்லு', 'பசிக்கலைன்னு சொல்லு' என்று அக்கா வழியாகத்தான் போக்குவரத்து. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன் நான். அந்த வீட்டில் நிரந்தரக் கெட்ட உதாரணம். என்னையே அட்வைஸ் பண்ணக் கூப்பிடுகிறார் என்றால் அத்தான் எவ்வளவு நொந்திருப்பார் பாருங்கள்!

* * *

தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் நண்பன் டோக்கியோ கண்காட்சி ஒன்றில் ஸ்டால் போட்டிருந்தான். பில் எழுத, கணக்குப் பார்க்க, காபி வாங்கி வர ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு கொடுத்தான்.

அகிஹபாரா ஸ்டேஷனில் 'மின்சார நகர வாசல்' என்றே ஒரு வழி இருக்கிறது. பெயருக்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கே ரேடியோ வால்வும் கம்பியும் விற்கிற கள்ளச்சந்தை முளைத்தது. பிறகு ரேடியோ போய் டி.வி., ஃபிரிட்ஜ். அது போய் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் வாங்க வந்த பையன்கள் அனிமே ரசிகர்களாகவும் இருக்கவே, கடைகள் பொம்மைக்கும் வீடியோவுக்கும் மாறின. ரயில் பாலத்துக்கு அடியில் இன்னும் பெட்டிக்கடை அகலத்தில் ரெஸிஸ்டர், ஸ்விட்ச் விற்கும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியே பர்மா பஜார் வாசனை.

ஞாயிறு மதியம் மெயின் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்க விடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஏழெட்டு மாடிக் கட்டடங்களில் பெரிய கண் வைத்த பெண்கள் என்னையே பார்த்தார்கள். (எல்லாம் போஸ்டர்.)

ஒன்றைக் கவனித்தேன். ஜப்பான்காரர்கள் எதையும் முழுசாகச் சொல்வதில்லை. பர்சனல் கம்ப்யூட்டர் 'பஸோகோன்'. ரிமோட் கன்ட்ரோல் 'ரிமோகோன்'. ஏர்கண்டிஷனர் 'எயாகோன்'. 'அனிமே' என்பதே அனிமேஷனின் வால் அறுந்த வடிவம். அகிஹபாராவையே 'அகிபா' ஆக்கிவிட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் மருமகனின் லிஸ்ட் பிறந்ததில் என்ன ஆச்சரியம்?

முதலில் நுழைந்த கடையில் ஒரு பையனிடம் ஸ்டைலாகக் கேட்டேன். ஓ.வி.ஏ. என்று கேட்டிருக்க வேண்டும். வாய் குழறி "ஓ... ஏ.வி." என்று வந்துவிட்டது. அவன் காதில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் விழுந்திருக்கிறது. முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் லிஃப்ட் வரை அழைத்துப் போய், மேல்மாடி பட்டனை அழுத்தி, குனிந்து வணக்கம் சொல்லி அனுப்பினான்.

லிஃப்ட் திறந்தது. எதிரே கறுப்புத் திரை. அதில் 18 என்று பெரிய எண்.

ஜப்பானில் ஏ.வி. என்றால் வயது வந்தோர் மட்டும் பார்க்கிற வீடியோ. ஒரிஜினல் அனிமேஷன் வீடியோ, அதாவது ஓ.ஏ.வி. என்ற பெயரும் ஒரு காலத்தில் புழங்கியதுதான். இந்த வம்புக்காகவே எழுத்தை மாற்றிப் போட்டு ஒரிஜினல் வீடியோ அனிமேஷன், அதாவது ஓ.வி.ஏ. ஆக்கினார்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு அந்தச் சரித்திரம் அனுபவபூர்வமாகப் புரிந்தது. திரைக்குப் பின்னால் போனேனா என்று கேட்காதீர்கள். என் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

* * *

மஞ்சள் கோடு போட்ட ரயில் அகிஹபாராவிலிருந்து நேராக நகானோ போகிறது. பழைய சரக்கு அங்கேதான் என்று மருமகன் அடிக்கோடு போட்டிருந்தான். ஸ்டேஷனை விட்டு வந்தால் கூரை போட்ட கடைத்தெரு. அதன் முடிவில் 1966-ல் திறந்த நகானோ பிராட்வே கட்டடம். கீழே கடைகள், மேலே குடித்தனங்கள். எஸ்கலேட்டரில் ஏறினால் இரண்டாவது மாடியைச் சட்டை செய்யாமல் நேரே மூன்றாவது மாடியில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது மாடிக்குப் போக வேண்டுமானால் படியிறங்கி வர வேண்டும்.

1980-ல் இங்கே சின்னப் பழைய புத்தகக் கடையாக ஆரம்பித்த மந்தராகே, இன்று மாடிக்கு மாடி பல அறைகளில் பரவியிருக்கிறது. அங்கே ஷெல்ஃப் ஷெல்ஃபாக நின்று லிஸ்ட்டை ஒப்பிட்டபோதுதான் ஒரு பி.காம்.காரனுக்குப் புரிய வேண்டியது புரிந்தது. இந்த எழுத்துகள் படத்தின் வகை இல்லை ஸார். காசு எந்த வழியாக வருகிறது என்பதன் விலாசம்!

டி.வி. என்றால் டி.வி. தொடர். 1963-ல் ஒசாமு தெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாராவாரம் அரை மணி நேரம் என்று ஆரம்பித்து வைத்தது. மூன்று மாதம் ஒரு 'கூர்'. பன்னிரண்டு, பதின்மூன்று எபிசோட். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நம் குவார்ட்டர் கணக்கு மாதிரியே புதுத்தொடர்கள் வரும். அந்தக் காலத்தில் பொம்மை, மிட்டாய்க் கம்பெனிகள் செலவை ஏற்றன. ரோபோ பொம்மை விற்கவில்லை என்றால் கதைக்கு ஆயுசு கம்மி.

ஓ.வி.ஏ. என்பது டி.வி., தியேட்டர் இரண்டுக்கும் போகாமல் நேராகக் கடைக்கு வந்த கேசட். 1983 டிசம்பரில் வந்த 'டல்லோஸ்' முதலாவது. சந்திரனில் குடியேறியவர்களின் கலகக் கதை. இயக்கியவர்களில் ஒருவர் மாமோரு ஒஷீ. பின்னாளில், 1995-ல், 'கோஸ்ட் இன் த ஷெல்' எடுத்தவர். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வி.சி.ஆர். வந்தது, கையில் காசும் புரண்டது. வாங்குகிறவனே நேராகப் பணம் கொடுப்பதால் ஸ்பான்ஸர் தொல்லை இல்லை. இருபத்துநாலு நிமிஷத்தில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1988-ல் 'கன்பஸ்டர்' ஆறே பாகம். அதே வருஷம் ஆரம்பித்த 'லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ்' 1997 வரை நீண்டு 110 பாகம். கன்பஸ்டரை எடுத்த ஹிதேயாகி அன்னோதான் 1995-ல் 'எவாங்கெலியோன்' கொடுத்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரம் சரிந்தது. ஓ.வி.ஏ.வும் மெல்ல மெலிந்தது.

ஓ.ஏ.டி. என்பது படக்கதைப் புத்தகத்தோடு சேர்த்து விற்கிற டிஸ்க். 2013-ல் 'அட்டாக் ஆன் டைட்டன்' 12-ஆம் தொகுதியின் சிறப்புப் பதிப்போடு ஒன்று வந்தது. நம் பத்திரிகைகள் அட்டையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டிக் கொடுத்ததே, அந்த டெக்னிக். என்ன, இங்கே ஷாம்புக்காகத்தான் புத்தகம் வாங்குவார்கள், விலையும் ஏறும்.

ஓ.என்.ஏ. இணையத்துக்கென்றே எடுப்பது. 2018-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'டெவில்மேன் க்ரைபேபி' ஓர் உதாரணம். பத்து எபிசோடும் ஒரே நாளில். கேசட்டும் இல்லை, கடையும் இல்லை. மாசச் சந்தா.

பி.டி. ப்ளூ-ரே டிஸ்க். இதில்தான் எனக்குத் தலை சுற்றியது. இரண்டே எபிசோட் உள்ள புது டிஸ்க் சுமார் ஏழாயிரம் யென்! ராத்திரி ஒரு மணிக்கு டி.வி.யில் இலவசமாகக் காட்டிய அதே தொடர். அந்த நேரத்தையே தயாரிப்புக் கமிட்டி பணம் கட்டி வாங்குகிறது. அதாவது, டி.வி.யில் வந்தது விளம்பரம், டிஸ்க்தான் சரக்கு. அவசரத்தில் கோணலாக வரைந்த முகங்களை டிஸ்க்கில் திருத்தியும் விடுவார்கள். பெயர்ப் பட்டியல் ஓடாத ஓப்பனிங் பாட்டு அதில் போனஸ். அதுதான் என்.சி.ஓ.பி. ஆன்லைன் சந்தா வந்த பிறகு இந்த வியாபாரமும் இறங்குமுகம்.

* * *

எல்.டி. லேசர் டிஸ்க் என்று, அதைக் கையில் எடுத்தபோது தெரிந்தது. முப்பது சென்டிமீட்டர் விட்டம். தாத்தா வீட்டு எல்.பி. ரெக்கார்டு சைஸ். அட்டையில் ஓவியம் அள்ளியது. ஆனந்தமாக நாலு எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். கடைக்கார நடுவயதுக்காரர் போனில் ஏதோ பேசி என் பக்கம் நீட்டினார். 'உங்களிடம் ப்ளேயர் இருக்கிறதா?'

இல்லை. ப்ளேயர் செய்துகொண்டிருந்த பயனியர் கம்பெனியே 2009-ல் நிறுத்திவிட்டது. மேலும் என் சூட்கேஸுக்குள் அது நுழையாது. மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன். டி.வி.டி. வாங்கலாம் என்றால் ஜப்பான் ரீஜன் 2, இந்தியா 5. ப்ளூ-ரே என்றால் ஜப்பான் ஏ, இந்தியா சி. ரீஜன் பூட்டு போட்ட டிஸ்க்கை நம்மூர் ப்ளேயரில் போட்டால், விசா இல்லாமல் ஏர்போர்ட்டில் நிற்பவன் கதிதான்.

நாலாவது மாடியில் ஒரு கடை. வாசலில் கோயில் தோரண வாயில் மாதிரி சிவப்புத் தூண்கள். உள்ளே கண்ணாடித் தாள் ஓவியங்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ஒவ்வொரு அசைவையும் இப்படித் தாளில் கையால் வர்ணம் தீட்டினார்கள். பக்கத்தில் அட்டைப் பெட்டி நிறைய பென்சில் ஓவியங்கள், கட்டுக் கட்டாக. ஒரு கட்டைப் புரட்டினேன். யாரோ ஒரு பெண். பெயரில்லாத துணைப்பாத்திரமாக இருக்கும். அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாள்கள் தீர்ந்துவிட்டன.

ஒரு செகண்டுக்கு இப்படி எட்டு, பன்னிரண்டு ஓவியம். முக்கியமான நிலைகளைச் சீனியர் வரைவார். நடுவில் வருகிற அசைவுகளை வரைவதுதான் புதிதாகச் சேர்ந்தவன் வேலை. 'தோகா' என்பார்கள். பெரும்பாலும் மாசச் சம்பளம் கிடையாது. தாளுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பீடி சுற்றுகிற கணக்கு. வாடகை கொடுக்க முடியாமல் ஒரு வருஷத்தில் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. ஓ.வி.ஏ., ஓ.என்.ஏ., பி.டி. என்று மேலே பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும், அடியில் பென்சில் பிடித்தவன் கணக்கு மட்டும் லேசில் மாறவில்லை.

அத்தானுக்குச் சொல்ல வேண்டிய பாயின்ட் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை மறுபடி புரட்டினேன். கண் மறுபடி திறந்தது. மூன்று தடவை புரட்டியிருப்பேன். கட்டையே வாங்கிவிட்டேன்.

* * *

ஊருக்கு வந்து, சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் எல்லார் எதிரிலும் கடை பரப்பினேன். எல்.டி. கவரைப் பார்த்து மருமகன் துள்ளினான். பிறகு பென்சில் கட்டைக் கொடுத்தேன்.

"இதுதான்டா உனக்கு அங்கே முதல் வேலை. ஹீரோவை வரைய விடமாட்டான். இவ கண்ணு சிமிட்டறதை வரையணும். பீஸ் ரேட். வருஷக்கணக்கா. யோசிச்சுக்கோ. இதுக்கு மேல எனக்கு அட்வைஸ் பண்ணத் தெரியாது."

அவன் பேசவில்லை. ஒவ்வொரு தாளாக லைட்டுக்கு எதிரே பிடித்து, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் ஆயிற்று. போன வருஷம், 2025 ஜனவரியில் என்று நினைக்கிறேன், தமிழ் பேசி வந்த அனிமேஷன் 'ராமாயணம்' பார்த்துவிட்டு அத்தான் 'நல்லா எடுத்திருக்கான்' என்று சொன்னார். அது யூகோ சாகோ என்ற ஜப்பான்காரர் நம் ராம் மோகனோடு சேர்ந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்த படம், அதிலும் அனுமார் வாலை யாரோ தாள் தாளாக வரைந்திருப்பார்கள் என்றேன். அத்தான் 'உம்' என்றார்.

பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயம் கட்டைக் கையில் எடுத்தார். கூட்டுறவு பேங்கில் இருபது வருஷம் நோட்டு எண்ணிய கட்டைவிரல். ஒரே இழுப்பில் சர்ரென்று புரட்டினார். பெண் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி புரட்டினார். திரும்பி வந்த பையனைப் பார்த்து, அக்காவைக் கூப்பிடாமல், நேரடியாகக் கேட்டார்:

"ஒரு தாளுக்கு எவ்வளவுடா குடுப்பான்?"

பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கணக்குச் சொல்ல ஆரம்பித்தான். டிகிரியை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று அவரும், அதுவரை தினம் இரண்டு மணி நேரம் வரைவேன் என்று இவனும், குரல் உயராமல் பேரம் நடந்தது. இன்னும் முடியவில்லை. முடிந்தால் எழுதுகிறேன்.

அப்போதுதான் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் சரி... என் கத்தி எங்கேடா?"