திறப்பு விழாவுக்கு முந்திய வேலை

வெயில் 40 பாகையைத் தாண்டுற டுபாயில், ஒரு ஷொப்பிங் மோலுக்குள்ள 2005இல் 'ஸ்கீ டுபாய்' திறந்தாங்க. 22,500 சதுர மீற்றரில் பனி, மேலே ஏற நாலு பேர் இருக்கக்கூடிய தொங்கு நாற்காலிகள். அதுக்கு முந்தின டிசம்பர் 26இல்தான் கடல் எங்கட சாய்ந்தமருதுக்குள்ள வந்தது. அப்ப நாங்க தொட்டில் பிள்ளைகள்.

இப்படியான நாற்காலிகள் ஓட முதல் என்னென்ன நடக்கும் என்று தேடி வாசித்தோம். தூண்களுக்குக் கொங்கிறீட் போடணும். உருக்கு வடத்தின் இரண்டு முனைகளையும் பின்னி ஒரே வளையமாக்கணும். ஆளுக்குப் பதிலா தண்ணிப் பாரம் ஏற்றி பிரேக்கைச் சோதிக்கணும். பிறகுதான் டிக்கெட்.

எங்கட வாப்பாமார், சாச்சாமார் வளைகுடாவில் செய்றதும் திறப்பு விழாவுக்கு முதலே முடியிற வேலைகள்தான். அந்தக் காசிலதான் இங்க சுவர் எழும்பிச்சு, எங்கட படிப்பும் நடக்குது. ஆனா போனில பேச்செல்லாம் "லீவு எப்ப?" என்பதோட முடிஞ்சிடும்.

ஊர் வரலாறு என்றால் வயல், கடல், பள்ளிவாசல் மட்டுமில்ல. லீவில வாறவங்களிடம் கேளுங்க: எந்தக் கட்டிடம், எத்தனையாம் மாடி, பக்கத்தில நின்றது யார்? கேட்டதை வருடத்தோட எழுதி வைங்க. கட்டி முடிச்ச பிறகு அவங்கட பேர் அங்க இருக்காது. இங்கயாவது இருக்கட்டும்.